பழைய டர்போ காரை மலையில் தினமும் ஓட்டலாமா?

குன்னூரிலிருந்து ஊட்டிக்குத் தினமும் வேலைக்குப் போகிறவன் நான். பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி வேகக் கார் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் டர்போவைப் பற்றித்தான், அதாவது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவியைப் பற்றித்தான் பேசுவேன். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத என்ஜின் தன் பலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்போ அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். மலைக்காரனுக்கு இந்த ரகம் பிடிக்க அதுவே காரணம்.

சரி, காரைப் பார்க்கக் காலையிலேயே போங்கள், ஓனர் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைப்பதற்குள். பானட்டில் கை வையுங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைக் கவனியுங்கள். வெள்ளை ஆவி குளிருக்கு வருவது, என்ஜின் சூடானதும் அடங்கிவிடும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ சீலோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கலாம்.

அப்புறம் பிரேக். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள், அடிக்கடி பிரேக் பிடிப்பதால் அது சூடேறும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் சரியாகப் பிடிக்காது. ஆயிலைக் கடைசியாக மாற்றிய பில்லைக் கேளுங்கள். வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று இசைந்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கும் பில் வேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும்.

15 வருடம் தாண்டிய கார் என்றால் ஆர்சி புதுப்பித்திருக்கிறதா பாருங்கள். உதிரி பாகத்துக்காகக் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களில் வேலைக்குப் போக வீட்டில் ஒரு ஸ்கூட்டராவது இல்லையென்றால், வாங்காதீர்கள்.