கர்ப்ப ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சு (பிளசண்டா) எங்கே இருக்கு? வாசிப்பது இப்படித்தான்

கவரைப் பிரிச்சதும் படத்தை விட்டுட்டு டைப் அடிச்ச தாளை எடுங்க. (படம் நாளானா மங்கிடும். அன்னைக்கே போனில் போட்டோ எடுத்து வெச்சிருங்க.)

1. முதலில் வாரம். மேலே 'ஜி.ஏ.'ன்னு (கர்ப்பம் எத்தனை வாரம்ங்கிறது) இருக்கும். கர்ப்பக் கணக்குக்கு ஆப் எதுவும் வேண்டாம், இந்த வரியும் சுவர்க் காலண்டரும் போதும்.

2. அடுத்து 'பிளசண்டா' வரி, அதாவது பிள்ளைக்குச் சத்து கொண்டுபோற நஞ்சு எங்கே ஒட்டியிருக்குன்னு. ஆன்டீரியர்னா கருப்பையின் முன்சுவர், போஸ்டீரியர்னா முதுகுப் பக்கம், ஃபண்டல்னா மேலே. மூணும் சாதாரணம்தான். ஆன்டீரியர்காரங்களுக்கு நடுவுல நஞ்சு மெத்தை மாதிரி கிடக்கிறதால பிள்ளை அசையுறது கொஞ்சம் பிந்தித் தெரியும். "முன்னால இருந்தா பொட்டப்பிள்ளையாக்கும்"னு மதினிமார் சொல்லுவாங்க, நம்பாதீங்க. ஸ்கேன் அறையில் கேட்கவும் கூடாது, 1994 சட்டப்படி குற்றம்.

3. 'லோ லையிங்', அதாவது நஞ்சு கீழே, கருப்பை வாய்க்குப் பக்கத்தில் இருக்குன்னு. என்னைத் தூங்கவிடாத வரி இதுதான். எனக்கு இப்படி வந்தது மூணாம் மாச ஸ்கேனில். அப்போ கருப்பை சின்னது, நஞ்சு கருப்பை வாய்க்குப் பக்கத்தில் தெரியுறது சகஜம். கீழ்ப்பகுதி விரிய விரிய நஞ்சும் வாயை விட்டு விலகிப்போகும். பெரும்பாலானவங்களுக்கு இப்படித்தான், எனக்கும் அப்படியே ஆச்சு. அதனால 20-ஆம் வாரத்தை ஒட்டி எடுக்கிற ஸ்கேனில் தூரத்தைப் பாருங்க. கருப்பை வாயின் உள்துவாரத்திலிருந்து 20 மி.மீ.க்குள் நஞ்சின் ஓரம் இருந்தா லோ லையிங், வாயையே மூடியிருந்தா பிரீவியா. ரெண்டுக்கும் 32-ஆம் வாரம் வாக்கில் மறுபடி பார்ப்பாங்க. உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியா எடுக்கிறது) சொன்னா மறுக்காதீங்க, தூரம் சரியாத் தெரியுறது அதில்தான். படுத்தே கிடந்தா நஞ்சு மேலே ஏறும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்லை.

முந்தின பிரசவம் சிசேரியன், இப்போ நஞ்சு கீழே, அதுவும் முன்பக்கம்னா டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்க. பழைய தையலில் ஆழமா ஒட்டியிருக்கான்னு பார்க்கணும்.

4. மசக்கைக்கும் நஞ்சு இருக்கிற இடத்துக்கும் சம்பந்தமில்லை. ஆறாம் வாரம் வாக்கில் குமட்டல், மார்பகத்தில் வலி, அடிக்கடி மூத்திரம், எப்பவும் தூக்கம். மீன் புளிமுளம் கொதிக்கிற வாசனைக்கே நான் முற்றத்துக்கு ஓடியிருக்கேன். அஞ்சாம் மாசத்துக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும். குடிச்ச தண்ணியும் தங்காம மூத்திரம் குறைஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் பட்டா, வலி இல்லாட்டியும் அன்னைக்கே காட்டணும். பிரீவியா ரத்தப்போக்கு பெரும்பாலும் வலியில்லாமத்தான் வரும். ரத்தம் கூடுதலாப் போனாலோ, ஆரம்ப மாசத்தில் அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையா வலிச்சு மயக்கம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்க. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, எங்கே போனாலும் ரிப்போர்ட் ஃபைல் கையில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: "பிளசண்டா கிரேடு 1னு இருக்கே, ஆபத்தா அக்கா?"ன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. 0 முதல் 3 வரை வர்ற அந்த எண் நஞ்சின் முதிர்ச்சியைக் குறிக்குது, இடத்தை இல்லை. கிரேடுக்குப் பக்கத்தில் 'பிரீவியா'ன்னு எழுதியிருந்தா மட்டும் அது வேற கணக்கு, மூணாவது படிக்குத் திரும்பிப் போங்க.