பிள்ளைகளின் உடல் பருமன்: கொங்கு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோம்பிக்கு ஊருக்கு வரும் பேரப்பிள்ளையைக் கண்டதும் அமுச்சி முதலில் பார்ப்பது கன்னத்தைத்தான். கன்னம் சற்றே ஒட்டியிருந்தால், "ஏஞ்சாமி, இப்படி எளச்சுப் போயிட்டே, உங்கம்மா சோறே போடறதில்லையா?" என்ற கேள்வி தவறாமல் வரும். மழை பொய்த்து வெள்ளாமை போன ஆண்டுகளைக் கண்ட தலைமுறைக்குச் சதைப்பிடிப்பே ஆரோக்கியத்தின் அடையாளமாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் பிள்ளையின் எடையை இன்றும் அதே கண்ணால் அளப்பதுதான் முதல் தவறு. வகுப்பில் பாதிப் பேர் பருமனாக இருந்தால் பருமனே இயல்பாகத் தோன்றும். அளவான உடம்புள்ள பிள்ளை நோஞ்சானாகத் தெரியும்.

கண்ணுக்குப் பதில் கணக்கை நம்பலாம். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை குறியீடு. 140 சென்டிமீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ள பத்து வயதுப் பையனுக்கு இது ஏறத்தாழ 23 வரும். பெரியவர்களுக்கான அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் தந்தை, "இருபத்தைந்துக்குக் கீழேதானே இருக்கிறது" என்று நிம்மதி அடைவார். ஆனால் பிள்ளைகளுக்கான எல்லை வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, பத்து வயதுப் பையனுக்கு இந்த எண் 21.4ஐத் தாண்டினாலே அது உடல் பருமன். இந்தியக் குழந்தைகளுக்கென்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் குழந்தை மருத்துவர்களிடம் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை அதில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தால் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும்.

எடை கூடியிருக்கிறது என்று தெரிந்த பிறகு பெரும்பாலான வீடுகளில் நடப்பது இரண்டாவது தவறு. எல்லோருக்கும் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்து, பையனுக்கு மட்டும் எண்ணெய் விடாத இரண்டு சப்பாத்தியைத் தட்டில் வைப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை மளிகைப் பட்டியல் எழுதுவதில்லை; எண்ணெய் வாங்குவதில்லை; இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று முடிவு செய்வதுமில்லை. அந்த வீட்டின் வழக்கம் அவன் உடம்பில் தெரிகிறது, அவ்வளவுதான். அவனை மட்டும் நோயாளியாக்கித் தனித்தட்டு வைத்தால், அவன் மறைவாகத் தின்னக் கற்றுக்கொள்வான். மாற்றம் ஒரே அடுப்பில், ஒரே குழம்பில், எல்லோருடைய தட்டிலும் நடக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நான் முதலில் காட்டுவது பொழுதோட நேரத்துப் பேக்கரியைத்தான். முக்குக்கு முக்கு பேக்கரி உள்ள ஊர்கள் இவை. டீக்கடை என்று தனியாகத் தேட வேண்டியதே இல்லை. நாலரை மணிக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கும் பிள்ளை உண்மையிலேயே பசியோடு இருக்கிறது. காலையில் ஏழு மணி வேனுக்காக இரண்டு வாய் இட்லியோடு ஓடிய பிள்ளை அது. மதிய டப்பாவில் பாதியும் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பசிக்கு ஒரு முட்டை பப்ஸ், ஒரு தேன் கேக், கையில் ஒரு குளிர்பானம். சாதாரணக் குளிர்பானத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் ஐந்து தேக்கரண்டி. நாள் முழுவதும் உண்ணும் சேர்ப்புச் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் மேலும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த ஐந்து சதவீதம் வெறும் 20 கிராம். பாட்டில் ஒன்றிலேயே அது தாண்டிவிடுகிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. ஐம்பத்தொன்றாவது மீட்டரில் வண்டியை நிறுத்தி வாங்கிக் கொடுப்பது நாம்தான்.

பேக்கரியைப் பிள்ளைக்குத் தடை செய்வதால் பலனில்லை. அந்த நாலரை மணிக்கு வீட்டில் என்ன தயாராக இருக்கிறது என்பதே கேள்வி. வேகவைத்த நிலக்கடலை, தாளித்த தட்டைப்பயறு, ஒரு நாமக்கல் முட்டை, கொய்யா, பொள்ளாச்சி இளநீர் என்று நம் வட்டாரத்தில் விளையும் எதுவும் வேலைக்கு ஆகும். முட்டை கொழுப்பு என்று நிறுத்திவிட்டு பிஸ்கட் கொடுக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது. பசியை நெடுநேரம் தாங்குவது முட்டையிலுள்ள புரதம்.

பாலில் கலக்கும் மாவுகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். உயரமாவான், மூளை வளரும் என்ற விளம்பரத்தை நம்பி நாளுக்கு இரண்டு டம்ளர் கலக்குவோர், டப்பாவைத் திருப்பிச் சேர்ப்புச் சர்க்கரை எவ்வளவு என்று படிக்க வேண்டும். 'ஆரோக்கிய பானம்' என்று சட்டத்தில் ஒரு வகையே இல்லை என்பதால், அந்தத் தலைப்பிலிருந்து இத்தகைய பானங்களை நீக்குமாறு இணைய விற்பனை நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது.

எண்ணெயில் நாம் செய்யும் தவறு வேறு விதமானது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் நல்லது என்பதால் அளவு பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரிதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியில், 2,000 கலோரிக்கான ஒரு நாள் மாதிரித் தட்டில் எண்ணெயின் அளவு 27 கிராம். நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து லிட்டர் கேன் எந்தத் தேதியில் திறந்து எந்தத் தேதியில் தீர்ந்தது என்று கேனின் மீதே எழுதிவைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் எழுதியபோது இருபத்திரண்டே நாளில் தீர்ந்திருந்தது.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்வதும் உண்டு. கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் நல்ல உணவு. புரதமும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் இரண்டு தட்டுச் சோற்றுக்கும் அப்பளத்துக்கும் பிறகு குடிக்கும் ஒரு டம்ளர் கொள்ளு ரசம் அந்தச் சோற்றைக் கரைத்துவிடாது. ராகி, கம்பு விஷயத்திலும் அப்படியே. களியாகவும் கூழாகவும் தின்றால் வயிறு நிறையும். அதே ராகி மைதாவோடும் சர்க்கரையோடும் சேர்ந்து பிஸ்கட்டாக வந்தால் அது பிஸ்கட்தான்.

உணவைக் காட்டிலும் கடினமானது நேரம். கம்பெனியில் ஷிப்ட் முடிந்தோ கடையைச் சாத்திவிட்டோ அப்பா வர ஒன்பதரை ஆகிறது. "அப்பா வந்ததும் சாப்பிடலாம்" என்று காத்திருக்கும் பிள்ளை அதுவரை செல்போனுடன் எதையாவது கொறிக்கிறது, பிறகு முழுச் சாப்பாட்டையும் உண்டு, பதினொரு மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, போதும் என்று உணர்த்தும் சுரப்பு குறைகிறது. மறுநாள் கை தானாக இனிப்பைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்ற ஆசை நல்லதே. அதைக் காலைச் சாப்பாட்டுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றிக்கொண்டு, பிள்ளைக்கு ஏழரை மணிக்கு இரவு உணவைக் கொடுத்துவிடலாம். செல்போன் பார்த்தபடி ஊட்டும் பழக்கம் இரண்டு வயதில் தொடங்குகிறது. திரையில் கண்ணை வைத்த குழந்தை தன் வயிறு நிறைந்ததை உணர்வதில்லை. வாய் திறக்கிறது, நாம் ஊட்டுகிறோம். "இன்னும் ஒரே வாய் கண்ணு" என்பது அன்பான சொல்தான் என்றாலும், போதும் என்று குழந்தை முகத்தைத் திருப்பும்போது நிறுத்துவதே சரி.

விளையாட்டைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரை நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதும், டியூசன் அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவதும் அந்த மணி நேரத்தைத் தின்றுவிடுகின்றன. டியூசனுக்கு நடந்து போய் வரவிட்டாலே ஒரு கிலோமீட்டர் நடை ஆகும்.

உறவினர் கூடும் இடத்தில் "குண்டு" என்று செல்லமாக அழைப்பது பலருக்குத் தவறாகவே தோன்றுவதில்லை. கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் இளைப்பதைவிட மேலும் எடை கூடுவதையே ஆய்வுகள் காட்டுகின்றன. வெட்கப்படும் பிள்ளை மைதானத்திலிருந்துதான் முதலில் ஒதுங்குகிறது. வாராவாரம் எல்லோர் முன்னும் எடைக்கருவியில் ஏற்றி நிறுத்துவதும் இதில் சேரும். வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்க வேண்டிய தேவைகூட இல்லை. எடை அப்படியே நின்றால் கூடும் உயரம் அதை ஈடுசெய்துவிடும். எனவே பட்டினி போடுவதும் காலை உணவை நிறுத்துவதும் வேண்டாம்.

"எங்க வம்சமே இந்த உடம்புதானுங்க" என்பார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் வம்சமாக வருவதில் வீட்டுச் சமையலும் சேர்ந்தே வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒரே குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். தைராய்டாக இருக்கும் என்று இரத்தப் பரிசோதனையில் நம்பிக்கை வைப்போருக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு: தைராய்டு குறைபாட்டால் எடை கூடும் பிள்ளை பெரும்பாலும் உயரம் வளராமல் நின்றுவிடும், உணவாலும் பழக்கத்தாலும் பருத்த பிள்ளை வயதுக்கு மீறிய உயரத்தோடு இருப்பதே வழக்கம்.

கடைசியாக, கழுத்தைப் பாருங்கள். பின்கழுத்தில் வெல்வெட் துணி போலத் தடித்த கறுப்புப் பட்டை தெரிந்தால், அதை அழுக்கென்று எண்ணிப் பயத்தம்மாவும் பீர்க்கன் நாரும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்க்கும் தாய்மார்கள் உண்டு. அது அழுக்கு அன்று. உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காததன் அடையாளமாக இருக்கக்கூடும். அந்தப் பட்டையோடு இரவில் உரத்த குறட்டையோ, தொடை அல்லது முழங்கால் வலியோ, வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதோ சேர்ந்திருந்தால், மறுநாளே குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். போகும்போது பள்ளி மருத்துவக் குழு உயரமும் எடையும் குறித்த அட்டைகள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோனால், ஏற்றம் எந்த வயதில் தொடங்கியது என்பதை மருத்துவர் அந்தத் தேதிகளைப் பார்த்தே சொல்லிவிடுவார்.