பேநவ்வில் பெயரைப் படிக்காமல் பணம் அனுப்பாதீர்கள்

சிங்கப்பூர்த் தேக்காவில் நான்கு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால், கை கழுவிவிட்டு வருவதற்குள் மற்ற மூவரின் பங்கும் பில் கட்டியவரின் கணக்கில் ஏறிவிடுகிறது. வங்கிச் செயலி வழியே உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ் (PayNow) 2017 ஜூலையில் வந்த பிறகு எட்டு இலக்கக் கைப்பேசி எண்ணே போதும். வங்கிக் கணக்கு எண்ணை யார் கேட்கிறார்கள்?

எண்ணைத் தட்டியதும் திரையில் ஒரு பெயர் வருமே, அதைப் படிக்காமல் உறுதி செய்வதுதான் முதல் தவறு. என்னைக் கேட்டால் பாதித் தவறுகளுக்கு வேரும் அதுதான். ஓர் இலக்கம் பிசகினாலும் அந்த எண்ணுக்கு வேறொருவர் சொந்தக்காரராக இருக்கலாம், செயலி தடுக்காது. நம்மவர் பெயர்களில் இன்னொரு சிக்கல். நாம் ‘குமார்’ என்று கூப்பிடுபவர் வங்கியில் முத்துக்குமரனாக இருப்பார். முன்னாலோ பின்னாலோ அப்பா பெயரும் ஒட்டியிருக்கும். ‘அவராகத்தான் இருக்கும்’ என்று ஊகித்துத் தட்டாதீர்கள். “உங்கள் பெயர் எப்படி வரும்?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய தொகையென்றால் முதலில் ஒரு வெள்ளி (டாலர்) அனுப்பி, கிடைத்ததா என்று கேளுங்கள்.

போன பணத்தை நாமே திரும்ப இழுக்க முடியாது. உடனே உங்கள் வங்கியிடம் சொன்னால், அது பெற்றவரின் வங்கியைத் தொடர்புகொள்ளும். பொதுவாகப் பெற்றவர் சம்மதித்தால்தான் பணம் திரும்பும். பிறர் பணமென்று தெரிந்தும் வைத்துக்கொள்வது குற்றம் என்பதால், மறுப்பவர்மீது போலிசில் புகார் செய்யலாம்.

முன்பின் தெரியாதவர் பணம் உங்கள் கணக்கில் விழுந்தாலும் அவசரம் வேண்டாம். “தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள்” என்று வேறோர் எண் வந்தால் அனுப்பாதீர்கள், வங்கியிடம் விடுங்கள். கேட்காத பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு வட்டியோடு திருப்பிக் கேட்கும் சட்டவிரோதக் கடன்காரர்களும் இங்கே உண்டு.

“நான் யாரென்று தெரிகிறதா?” என்று தொடங்கும் அழைப்பு இன்னொரு வகை. நாமே ஒரு நண்பர் பெயரைச் சொல்லிவிடுகிறோம்; அழைத்தவர் அதையே பிடித்துக்கொண்டு, எண் மாறிவிட்டது என்பார், இரண்டொரு நாளில் கடன் கேட்பார். பணம் போகவேண்டிய கணக்கில் மட்டும் யாரோ ஒருவர் பெயர் இருக்கும். அந்த நண்பரைப் பழைய எண்ணில் கூப்பிட்டுப் பாருங்கள். சந்தேகமிருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண் இருக்கிறது.

ஒரு கைப்பேசி எண்ணை ஒரு நேரத்தில் ஒரு கணக்கோடுதான் பேநவ்வில் இணைக்க முடியும். வங்கி மாற்றியவர்கள் இதை மறந்துவிட்டு, வந்த பணத்தைக் காணோம் என்று தேடுகிறார்கள். சிம் அட்டையைக் கைவிட்டு ஊர் திரும்புபவர் பேநவ் பதிவையும் நீக்கிவிட வேண்டும்; அந்த எண் நாளை வேறொருவருக்குப் போகலாம்.

ஊருக்கு அனுப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரி முதல் பேநவ்வும் இந்தியாவின் பணப்பரிமாற்ற முறையான யுபிஐயும் (UPI) இணைந்திருக்கின்றன. எல்லா வங்கிகளும் இதில் இல்லை. தொகைக்கும் தினசரி வரம்பு உண்டு. அவசரச் செலவுக்கு நம்பியிருப்பவர்கள் இரண்டு பக்க வங்கிகளிலும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.