கோவில் மண்டபத்தில் பிரஷர் பார்க்க உட்காருகிறவர்களுக்கு

ரங்கூனில் எங்கள் கோவில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஷர் பார்க்கிறோம். புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். மாத்திரை எழுதுவது டாக்டர் வேலை, நமதில்லை. ஆனால் அவர் எழுதுவது நாம் குறித்துக் கொடுக்கும் எண்ணை நம்பித்தான். அந்த எண் தப்பென்றால் அவர் என்ன படித்திருந்து என்ன?

முதலில் உட்கார வையுங்கள்

வந்த ஆளின் கையைப் பிடித்து உடனே பட்டையைச் சுற்றாதீர்கள். 5 நிமிடம் சும்மா இருக்கட்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கடைசி அரை மணியில் டீ, சுருட்டு, குன்யா என்கிற வெற்றிலைச் சுருள் ஏதாவது ஆயிற்றா என்று கேளுங்கள் (நம் ஆட்களிடம் வெற்றிலையைக் கேட்காமல் விடவே கூடாது, புகையிலை உள்ளே இருக்கும்). சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் பிரஷர் ஏறும், போய்விட்டு வரச் சொல்லுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டிக்கு 174/98 வந்தது. பார்த்த பையன் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் பாட்டி உயரமான பெஞ்சில் கால் தொங்க உட்கார்ந்திருக்கிறார், இறுக்கமான எங்ஜியின் (பர்மிய ரவிக்கை) கையைச் சுருட்டி மேலே ஏற்றியதில் அது கயிறு மாதிரி புஜத்தை நெரிக்கிறது, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோல்மேனில் இருக்கும் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாற்காலிக்கு மாற்றி, கையைத் தளர்த்தி, பேச்சை நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தோம். 148/88. அதுவும் கூடுதல்தான், ஆனால் இரண்டுக்கும் டாக்டர் எழுதும் சீட்டு ஒன்றாக இருக்காது.

பட்டை

வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்டுங்கள். சாதாரணமாக மிஷினோடு வரும் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுக் கைக்கானது. பருத்த கையில் அதையே இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டும். கரண்ட் போகிற ஊர் இது, பேட்டரியில் ஓடும் மிஷினாகப் பாருங்கள்.

இரண்டு தடவை

முதல் முறை வருகிறவருக்கு இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையையே இனி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் விட்டு அதே கையில் மறுபடி எடுத்து, இரண்டு தடவையின் சராசரியை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 147 என்றால் 147, சுற்றி 150 என்று போடாதீர்கள்.

எண் என்ன சொல்கிறது

மேலே 140, கீழே 90. இதில் ஏதாவது ஒன்று எட்டினாலும், வேறொரு நாளும் அப்படியே வந்தாலும் டாக்டரிடம் அனுப்புங்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர் என்றால் மேலே 130 வந்தாலே அனுப்பலாம். 180/120 தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் இழுப்பு, பார்வை மங்கல் எதுவாவது இருந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான். எண் எவ்வளவாக இருந்தாலும் இந்த அறிகுறிகள் திடீரென்று வந்தால் அப்படியே செய்யுங்கள். யாராவது நிஃபெடிபின் என்கிற பிரஷர் குளிகையை உடைத்து நாக்கடியில் வைக்கலாம் என்பார்கள், தடுத்துவிடுங்கள். பிரஷர் சடாரென்று விழுந்து பக்கவாதமே வந்துவிடலாம். அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஓய்வெடுக்கவைத்து மறுபடி பாருங்கள், குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டர்.

சீட்டில் வருகிற பெயர்கள்

நாம் எழுதப்போவதில்லை, இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று கேட்கப்போவது நாம்தான். அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்குக் கணுக்கால் வீங்கலாம். எனலாப்ரில், லிசினோப்ரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், சளி மருந்து குடித்துப் பயனில்லை, டாக்டரிடம் சொன்னால் லோசார்டன் மாதிரி ஒன்றுக்கு மாற்றிவிடுவார். கர்ப்பிணிக்கு எனலாப்ரிலும் ஆகாது, லோசார்டனும் ஆகாது, அதனால் வயதுப் பெண்களிடம் கேட்டுவிடுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரை அதிகம் போக்கும், காலையில் சாப்பிடுவது நல்லது. ஒரே மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் இரண்டைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு, இரண்டு மாத்திரை என்றதும் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

அப்புறம் மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் பிரஷரை ஏற்றும். வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள், அவர்கள் கணக்கில் அது மருந்தே இல்லை.

உப்பு விஷயத்தில் "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டில் சாம்பாரில் போடுவதோடு ஙப்பியும் (உப்பில் ஊறிய மீன் விழுது) மீன் சாறும் ஊறுகாயும் சேர்கின்றன. ஙப்பியை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் (நானும்தான்), ஙப்பி வைக்கிற அன்று குழம்பில் உப்பைப் பாதியாக்கச் சொல்லுங்கள், அது நடக்கிறது.

மறுபடி வரவைப்பது

இங்கேதான் நாம் தோற்கிறோம். தலை சுற்றல் நின்றதும் மாத்திரையும் நின்றுவிடும். சரியான அளவுக்கு வரும்வரை மாதம் ஒரு முறை, வந்த பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வரும்போது மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி மிச்சத்தை எண்ணுங்கள். 30 மாத்திரை வாங்கி 30 நாள் ஆனபின் 11 மிச்சம் என்றால், மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டருக்கு எழுதிவிடாதீர்கள், 11 மிச்சம் என்று எழுதுங்கள். திட்ட வேண்டாம், திட்டினால் அடுத்த தடவை அட்டையே வராது.

எங்கள் தெருவில் லிஃப்ட் இல்லாத ஏழாவது மாடியில் ஒரு தாத்தா இருக்கிறார், முட்டி வலியால் இறங்குவதில்லை. மருந்துக் கடைப் பையன் கீழே தொங்கும் கயிற்றுக் கிளிப்பில் மாத்திரையை மாட்டி மணியை ஆட்டிவிட்டுப் போய்விடுவான், தாத்தாவை யாரும் பார்ப்பதே இல்லை. இப்போது பேத்திக்கு மிஷின் பார்க்கப் பழக்கிக் கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அதே கயிற்றில் நோட்டும் காலி அட்டையும் இறங்கி வருகின்றன.