வெளிநாட்டுப் பார்சலைத் திருப்பி அனுப்பினால், கட்டிய வரியையும் கேட்டு வாங்குங்கள்

லண்டனிலோ லெஸ்டரிலோ இருந்துகொண்டு அமெரிக்கக் கடையிலோ சென்னைக் கடையிலோ ஆன்லைனில் வாங்கும்போது, பணம் மூன்று இடங்களுக்குப் போகிறது. பொருளின் விலை கடைக்கு, வரி பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சிக்கு, கையாளும் கட்டணம் ராயல் மெயிலுக்கோ கூரியருக்கோ. பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், கடை தன் கைக்கு வந்த பணத்தைத்தான் தரும். எச்எம்ஆர்சிக்குப் போன வரியை நாம்தான் தனியாகக் கேட்க வேண்டும்.

எல்லைக்கோடு 135 பவுண்ட். தபால் செலவு சேராமல், ஒரு பார்சலில் இருக்கும் பொருள்களின் மொத்த விலை அதற்குள் இருந்தால் சுங்கத் தீர்வை கிடையாது. 20% வாட் வரியைக் கடையோ விற்பனைத் தளமோ ஆர்டரின்போதே வாங்கிவிடும் (மது, புகையிலைக்கு இது பொருந்தாது). வாட் தொகை காட்டும் பில்லை அப்போதே சேமித்து வையுங்கள். பார்சல் வரும்போது மறுபடியும் வரி கேட்டால் அந்த பில்தான் சாட்சி. இந்த வகைப் பொருளைத் திருப்பினால் வாட் வரியையும் கடையிடமே கேட்க வேண்டும், எச்எம்ஆர்சியிடம் அல்ல.

135-ஐத் தாண்டினால் கணக்கு வேறு. 200 பவுண்ட் ஜாக்கெட், 20 பவுண்ட் தபால் செலவு என்று வைத்துக்கொள்வோம். எல்லையைப் பார்க்கும்போது தபால் செலவைச் சேர்ப்பதில்லை, ஆனால் வரி போடும்போது சேர்ப்பார்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான். தைத்த ஆடைக்குப் பொதுவாகத் தீர்வை 12%: 220-க்கு 26.40. இரண்டும் சேர்ந்த 246.40-க்கு வாட் 49.28. ஆக வரி மட்டும் 75.68. ராயல் மெயிலின் 8 பவுண்ட் கட்டணம் சேர்ந்தால் 83.68. கடை ‘டிடிபி’ முறையில் அனுப்பினால் வரி எல்லாம் ஆர்டரிலேயே அடங்கிவிடும். ‘டிஏபி’ என்றால் வரி உங்கள் தலையில். வாங்குமுன் இதைப் பாருங்கள்.

வரி கட்டியபின் பொருளைத் திருப்பினால், ராயல் மெயிலோ பார்சல்ஃபோர்ஸோ கொண்டுவந்ததற்கு பிஓஆர் 286 படிவம், கூரியர் கொண்டுவந்ததற்கு சி 285. பெட்டியில் ஒட்டியிருந்த வரிச் சீட்டு, சுங்க அறிவிப்புத் தாள், பில், திருப்பி அனுப்பிய தபால் ரசீது, கடை பணம் தந்ததற்கான மின்னஞ்சல் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். பெட்டியைக் குப்பையில் போடும்போது அந்தச் சீட்டும் சேர்ந்து போய்விடுகிறது. கோரிக்கை சிக்குவது பெரும்பாலும் அதனால்தான். ஆகவே பெட்டியைப் பிரிக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். திருப்பி அனுப்பும் சுங்கத் தாளில் ‘திரும்பும் பொருள்’ என்று குறிக்கத் தவறாதீர்கள். இல்லையென்றால் அந்த நாட்டில் கடைக்காரரிடம் வரி கேட்பார்கள், அதை அவர் உங்கள் பணத்தில் கழிப்பார். கையாளும் கட்டணத்தை எச்எம்ஆர்சி தராது.

கடை பணம் தர மறுத்தால் எந்த அட்டையில் கட்டினீர்கள் என்பதே முக்கியம். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்து, கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி வங்கிக்கும் பொறுப்பு உண்டு. வெளிநாட்டுக் கடைக்கும் இது செல்லும். இடையில் பேபால் வந்தால் இந்த உரிமை அறுந்துபோகக் கூடும். பேபாலிலேயே 180 நாளுக்குள் புகார் எழுப்புங்கள். டெபிட் கார்டுக்கு சார்ஜ்பேக் (வங்கி வழியாகக் கடையிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறும் முறை) உண்டு, அதற்குப் பொதுவாக 120 நாள்தான். ‘அடுத்த வாரம் அனுப்புகிறோம்’ என்று கடை இழுத்தடிக்கும்போது அந்த நாள்கள் ஓடிக்கொண்டிருக்கும். வங்கி எட்டு வாரத்தில் தீர்க்காவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம், கட்டணம் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அனுப்பும் பிறந்தநாள் பார்சல் 39 பவுண்டுக்குள் இருந்தால் வாட் இல்லை. பலருக்கு ஒரே பெட்டியில் அனுப்பினால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, பெயரும் விலையும் சுங்கத் தாளில் எழுதச் சொல்லுங்கள். கடையில் வாங்கியதற்கு ‘பரிசு’ என்றோ விலையைக் குறைத்தோ எழுதச் சொல்லாதீர்கள். அது பொய் அறிவிப்பு. பார்சல் தொலைந்தால் எழுதிய குறைந்த விலைக்குத்தான் இழப்பீடும் கிடைக்கும்.