வேட்டைத் தோட்டா: வாங்கும்போதும் பயணத்திலும் செய்யக்கூடாத தவறுகள்

பெரிய தோட்டாவாக இருந்தால் குறி கொஞ்சம் தவறினாலும் விலங்கு விழுந்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒரே எடையுள்ள ரைஃபிளில் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டா, .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உதைக்கும். அந்த உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் நொடியில் தோள் சுருங்கும். நுரையீரலில் பாய வேண்டிய குண்டு வயிற்றில் பாயும். அடிபட்ட மான் வெகுதூரம் ஓடிப் புதருக்குள் கிடந்து சாகும். பயம் இருக்கிறதா என்று அறிய, பயிற்சிக் களத்தில் இன்னொருவரை உங்களுக்குத் தெரியாமல் டம்மி தோட்டாவைக் கலந்து ஏற்றச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவுக்கும் குழல் முனை கீழே குத்தினால் பயம் இருக்கிறது என்று அர்த்தம். மான் அளவு விலங்குக்கு, 250 மீட்டருக்குள், .308 அல்லது 6.5 கிரீட்மூர் தாராளம். ஆப்பிரிக்கக் காட்டெருமை, யானை என்றால் கதையே வேறு. அங்கே பல நாடுகளில் .375 அளவுத் தோட்டாதான் சட்டப்படி குறைந்தபட்சம்.

காலிபரை, அதாவது குண்டின் விட்டத்தைப் பற்றி மணிக்கணக்காக வாதிடுபவர்கள், தோட்டாவின் முனையிலிருந்து பாயும் குண்டு எந்த வகை என்று கவனிப்பதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஃபுல் மெட்டல் ஜாக்கெட் (ஈயத்தை முனை வரை உலோக உறை மூடிய குண்டு) வாங்கி மான் வேட்டைக்குப் போகாதீர்கள். அது பெரும்பாலும் விரியாமல் ஊசி போலத் துளைத்து மறுபக்கம் போய்விடும். பல இடங்களில் சட்டமும் தடுக்கிறது. சாஃப்ட் பாயிண்ட் (முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு) போன்ற விரியும் குண்டுதான் வேண்டும். முழுச் செம்புக் குண்டு நன்றாக ஊடுருவும், ஆனால் அதற்கு வேகம் தேவை. விநாடிக்கு சுமார் 550 மீட்டருக்குக் கீழே பல வகைகள் சரியாக விரிவதில்லை. குட்டைக் குழல் ரைஃபிளில் தொலைவுக்குச் சுடுபவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான தவறு, தோட்டா மாறிப்போவது. .300 பிளாக்அவுட் தோட்டா சில நேரம் .223 ரைஃபிளில் தோட்டா அமரும் அறைக்குள் நுழைந்துவிடும். 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. குழலில் போக வழியில்லை. துப்பாக்கி வெடித்துச் சிதறும். குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இரண்டு வகையையும் ஒரே பையில் வைக்கவே வேண்டாம்.

விமானப் பயணத்தில், பன்னாட்டு விதிப்படி ஒருவருக்கு 5 கிலோ, அதுவும் பெட்டியின் எடை உட்பட. விமான நிறுவனத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். செக்-இன் லக்கேஜில் மட்டுமே போகும். ஒரு .308 தோட்டா சுமார் 24 கிராம், .375 ஹெச் அண்ட் ஹெச் சுமார் 40 கிராம். எத்தனை கொள்ளும் என்று அதிலிருந்து கணக்கிடலாம். இருவர் பங்கையும் ஒரே பொதியில் சேர்க்கக் கூடாது. உதிரியாகவோ மேகசினில் (துப்பாக்கியில் மாட்டும் தோட்டாக் கூட்டில்) ஏற்றியோ கொண்டுபோகாதீர்கள். தொழிற்சாலைப் பெட்டியே பாதுகாப்பு. துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் வைக்கலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விமானம் மாறும் நாட்டிலும் அனுமதி தேவைப்படலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வேட்டைக்குப் பயன்படுத்திய பையைக் கைப்பையாக எடுத்துப் போகவே கூடாது. ஓரப் பைக்குள் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும், பயணம் காவல் நிலையத்தில் முடியும்.

போய் இறங்கும் இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் பிராண்டு மட்டுமல்ல, குண்டின் எடையும் வகையும் மாறும். குறி விழும் இடமும் மாறும். ஒரே லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள பெட்டிகளையே கொண்டு செல்லுங்கள். இறங்கியதும் 100 மீட்டரில் மூன்று முறை சுட்டு, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைச் சரிபாருங்கள். பயணத்தில் ஸ்கோப் அசைந்திருந்தால் இன்னும் ஆறேழு தோட்டா போகும். வேட்டைக்கு எடுத்துவைப்பதற்கு மேல் 20 தோட்டா கூடுதலாக இருக்கட்டும்.