வட்டாரத் தேர்தலில் ஒரே புள்ளடி: வவுனியா நகரத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தம்பியின்ரை இலக்கம் என்ன?" குருமன்காடு, வைரவபுளியங்குளம் பக்கம் வாக்குக் கேட்டுப் போகிறவர்களிடம் யாராவது இப்படிக் கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல். 1, 2, 3 என்று விருப்பு வரிசை. நவம்பரில் நாடாளுமன்றம், கட்சிக்குப் புள்ளடி, பிறகு மூன்று பேர் வரை விருப்பு இலக்கம். 2025 மே 6இல் உள்ளூராட்சி, இலக்கமே கிடையாது. எட்டு மாதத்துக்குள் மூன்று விதமான வாக்குச் சீட்டு!

உள்ளூராட்சிச் சீட்டில் வேட்பாளரின் பெயரும் இருக்காது. கட்சி அல்லது சுயேச்சைக் குழு, அதன் சின்னம், ஒரு கட்டம். உங்களுக்குப் பிடித்தவர் எந்தச் சின்னத்தில் நிற்கிறார் என்பதை வீட்டிலேயே அறிந்துகொண்டு போய், ஒரேயொரு புள்ளடி போடுங்கள். இரண்டு சின்னத்துக்குப் போட்டாலோ, பெயரோ கையொப்பமோ வைத்தாலோ வாக்கு நிராகரிக்கப்படும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இன்னொரு தவறு. "அவர் எங்கட வட்டாரத்தில வெல்லமாட்டார், ஏன் வாக்கை வீணாக்குவான்?" என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இந்த முறையில் தோற்றவருக்கு விழுந்த வாக்கும் எண்ணிக்கையில் சேரும். ஏறக்குறைய 60 வீத ஆசனங்கள் வட்டாரத்தில் வெல்பவர்களுக்கு; மீதி 40 வீதம் கட்சியோ குழுவோ வேட்புமனுவோடு கொடுக்கும் பெயர்ப் பட்டியலில் இருந்து. ஒரு கணக்குப் பார்ப்போம். சபையில் 20 ஆசனங்கள், செல்லுபடியான வாக்குகள் 10,000 என்றால் ஓர் ஆசனத்துக்கு 500 வாக்கு. ஒரு கட்சி எல்லா வட்டாரத்திலும் சேர்த்து 2,000 வாக்கு எடுத்தால் அதற்கு 4 ஆசனங்கள். வட்டாரம் ஒன்றுதான் வென்றது என்றால் மற்ற மூன்றும் பட்டியலில் இருந்து வரும். தோணிக்கல்லில் தோற்றவருக்குப் போட்ட வாக்கும் அந்த 2,000இல் இருக்கிறது.

அதனால் வட்டார வேட்பாளரை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் பிழை. பட்டியலில் யார் யார் என்று கேளுங்கள். அங்கே பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மேயரை உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவார்கள். யாரோடு கூட்டுச் சேர்வீர்கள் என்று வாசலுக்கு வரும்போதே கேட்டுவிடுவது நல்லது.

வாக்குறுதிகளையும் நிறுத்துப் பாருங்கள். வடிகால், குப்பை, தெருவிளக்கு, சந்தை, உள்வீதிகள், நூலகம்: இவை சபையின் வேலை. மாரி மழைக்கு உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நின்றால் நேரே கேளுங்கள். ஏ9 வீதி, ஆஸ்பத்திரி, படையினர் வசமுள்ள காணி பற்றிச் சபை தீர்மானம் போடலாம், குரல் கொடுக்கலாம்; செய்து தரும் அதிகாரம் அதற்கு இல்லை.

வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டதென்று போகாமல் இருக்க வேண்டாம். வாக்காளர் இடாப்பில் பெயரும் கையில் தேசிய அடையாள அட்டையும் இருந்தால் போதும்.

சரி, பெயர் எங்கே இருக்கிறது? வன்னியில் இதுதான் சிக்கல். முல்லைத்தீவுப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து வந்து நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் பலரின் பதிவு இன்னும் பழைய ஊரில் இருக்கும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடித் திரிந்து பயனில்லை. இடாப்பு திருத்தும் காலத்திலேயே கிராம சேவகரிடம் போய், எந்த முகவரியில் பதிவு என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.